படுக்கையறைக்கு மரத்தளமா, கார்பட்டா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மகளுக்குச் சீதன வீடு கட்டுகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து வந்து தாய்வீட்டைத் திருத்துகிறவர்களும் வேலை முடியும் நேரத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள்: படுக்கையறைக்கு மட்டும் டைல்ஸை விட்டுவிட்டு வேறு ஏதாவது போடலாமா? லண்டனில் இருக்கும் தங்கை கார்பட் போடச் சொல்வாள், காலுக்கு மெத்தென்று இருக்கும் என்பாள். கொழும்பில் நல்ல ஹோட்டலில் தங்கி வந்த மச்சான் மரத்தளம்தான் அழகு என்பார். அவரவர் இருந்த இடத்துக்கு அவரவர் சொல்வது சரி. நம் அறை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் இங்கே கணக்கு வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலமட்டத்தில் இருக்கும் அறைக்குச் சுவரிலிருந்து சுவர் வரை கார்பட் ஒட்டும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அசல் மரப்பலகை மேல்மாடி அறைக்கு அருமையாகப் பொருந்தும். கீழ் அறைக்கு அதைப் போடுவதென்றால் நிலம் ஈரச் சோதனையில் தேற வேண்டும். இரண்டுமே சரிவராத அறைகள்தான் நம் பக்கத்தில் அதிகம், அவற்றுக்கும் நல்ல வழி உண்டு. உங்கள் அறை எந்த வகை என்று கண்டுபிடிக்க, கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதல் வேலை: நிலத்தின் ஈரத்தைப் பார்ப்பது

நிலத்துக்கு ஈரம் மூன்று வழியாக வரும். மண்ணிலிருந்து மேலே ஏறும், காற்றிலிருந்து இறங்கும், யன்னல், குளியலறை, கூரை ஒழுக்கு வழியாக நேரே வந்து விழும். கடைசியாகச் சொன்னது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். முதலாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது நடப்பதே தெரியாது.

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில்தான் இருக்கின்றன. கிணறு தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர் கண்டுவிடும். மாரியில் அந்த மட்டம் இன்னும் மேலே வரும். கொங்கிறீட் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. மண்ணின் ஈரம் அந்தத் துளைகள் வழியே மெல்ல ஏறி, மேற்பரப்பில் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வெறும் சீமெந்து நிலத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அதன்மேல் பலகையையோ கார்பட்டையோ மூடிவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கும். பூஞ்சணம் பிடிப்பதும், பலகை வளைவதும், கறையான் சேர்வதும் அங்கேதான் தொடங்குகிறது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தெளிவான தடித்த பொலித்தீனில் ஒன்றரை அடிச் சதுரமாக மூன்று துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை வெளிச் சுவரை ஒட்டியும், ஒன்றைக் குளியலறைப் பக்க மூலையிலும், ஒன்றை அறையின் நடுவிலும் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் அகலமான டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம், முடிந்தால் ஒரு நாள் முழுவதும் அப்படியே விடுங்கள். பிறகு பாருங்கள். பொலித்தீனின் அடிப்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தாலோ, சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை மாரிக்குள் செய்யுங்கள். ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது செய்தால் எந்த நிலமும் காய்ந்துதான் தெரியும், அதை நம்பிப் பலகை போட்டால் மார்கழியில் உண்மை தெரியவரும்.

ஏற்கெனவே டைல்ஸ் பதித்த அறையில் இந்தச் சோதனை சரியாகப் பேசாது. அங்கே வேறு அடையாளங்களைத் தேடுங்கள். டைல்ஸ் இடுக்குகள் மழைக்காலத்தில் கறுக்கின்றனவா, வெள்ளையாக உப்புப் பூக்கிறதா, சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்குப் பெயின்ற் உரிகிறதா, சுவரோடு சேர்த்து வைத்த அலுமாரியின் பின்பக்கம் புழுங்கல் மணம் வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த அறைக்கு அசல் மரமும் கார்பட்டும் வேண்டாம்.

புது வீடு என்றால் இன்னொரு கணக்கும் சேரும். கொங்கிறீட் நிலம் இறுகுவதும் காய்வதும் ஒன்றல்ல. இறுகுவதற்கு நான்கு வாரம் போதும். காய்வதற்கு ஒவ்வோர் அங்குலத் தடிப்புக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் என்று கட்டட வேலையில் பொதுவாகக் கணக்குப் பார்ப்பார்கள். நான்கு அங்குல நிலம் என்றால் நான்கு மாதம், அதுவும் கூரை போட்டு, மழை படாமல், காற்றோட்டமாக இருந்தால்தான். நம் பக்கத்தில் கல்யாண நாளைக் குறித்துவிட்டு வீட்டு வேலையை அதற்குள் முடிக்கப் பார்க்கிறோம். போன மாதம் போட்ட நிலத்தின்மேல் இந்த மாதம் பலகை பொருத்துவது அந்த அவசரத்தில்தான் நடக்கிறது. கல்யாணம் நெருங்கிவிட்டதென்றால் சீமெந்து நிலத்தை மழமழப்பாகப் பூசி, அழகான பாய் ஒன்றை விரித்து, பிள்ளைகளைக் குடியேற்றுங்கள். தளத்தை அடுத்த வருடம் போடலாம். பெற்றோரிடம் இதைச் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள், காசு கொடுப்பது அவர்கள்தானே.

அப்புறம் வெள்ளம். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது. உங்கள் வளவில் அப்போது தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று அயலில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். வாவிக்கரையிலும் படுவான்கரைப் பக்கத்து வயலோர ஊர்களிலும் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். தண்ணீர் வாசற்படி தாண்டிய வீடென்றால், எது போட்டாலும் ஒரு நாள் கழற்றிக் காயவைக்க வேண்டி வரும் என்ற நினைப்போடுதான் தெரிவு செய்ய வேண்டும். ஈரமான கார்பட் ஒன்று இரண்டு நாளுக்குள் முழுதாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அடைமழை நாளில் ஒரு முழு அறைக் கார்பட்டை இரண்டு நாளில் காயவைக்க யாராலும் முடியாது.

காற்று செய்யும் வேலை

மட்டக்களப்பின் வருட மழையில் பாதிக்கு மேல் நவம்பர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நிற்கும். பிறகு வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் அடித்து எல்லாவற்றையும் காயவைக்கும். இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் மரம் உப்பிச் சுருங்கும்.

எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. 80 வீத ஈரப்பதனில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 வீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். 60 வீத ஈரப்பதனில் அது 11 வீதத்துக்கு இறங்கும். அந்த வித்தியாசத்தில் நான்கு அங்குல அகலமான தேக்குப் பலகை ஒன்று ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டச் சுருங்கும். தேக்கு அடக்கமான மரம். மற்ற பல மரங்கள் இதைவிடக் கூடுதலாக ஆடும். பத்தடி அகல அறையில் முப்பது பலகை வரும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர். ஆகவே கச்சானில் இடுக்கு விழுவதையும் மாரியில் அது மூடுவதையும் குறை என்று எண்ணத் தேவையில்லை, மரத்தின் இயல்பு அது. மாரியில் விரிவதற்கு இடம் விடாமல் சுவரோடு முட்டிப் பொருத்தினால்தான் பலகை நடுவில் எழும்பும்.

கார்பட்டுக்கு இதே ஈரம் வேறு விதமாகக் கேடு. தூசு உண்ணி என்று ஒரு பூச்சி உண்டு, கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் பொடியைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும். காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழ் தொடர்ந்து நின்றால் அது காய்ந்து சாகும். நம் கரையோரத்தில் அப்படி ஒரு காலம் வருவதே அரிது. அந்தப் பூச்சியின் எச்சம்தான் பலருக்குத் தும்மலையும் தொய்வையும் (ஆஸ்துமா) கிளப்பிவிடுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் அது இருக்கத்தான் செய்யும், கார்பட்டை நீக்கினால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஆனால் மெத்தை உறையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவலாம், தலையணையை வெயிலில் போடலாம். நிலத்தோடு ஒட்டிய கார்பட்டை அப்படிச் செய்ய முடியாது.

"ஏசி போடுகிறோம், அதனால் ஈரம் இருக்காது" என்பவர்களும் உண்டு. இரவு ஏழெட்டு மணித்தியாலம் ஏசி ஓடும்போது ஈரம் குறைவது உண்மை. காலையில் நிறுத்தி யன்னலைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே வந்து பழைய நிலைக்குப் போய்விடும். மின்வெட்டு நாட்களில் அதுவும் இல்லை.

அறையில் யார் படுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தொய்வு உள்ள பிள்ளையோ பெரியவரோ படுக்கும் அறைக்குக் கார்பட் வேண்டவே வேண்டாம். தவழும் குழந்தை, பால், எண்ணெய், மூத்திரம் என்று சிந்துகிற வயதில் பிள்ளை இருந்தாலும் அப்படியே. கார்பட்டுக்குள் போன ஈரம் மேலே காய்ந்தாலும் அடியில் நிற்கும்.

வயதானவர்களுக்கு நிலம் வழுக்கக்கூடாது. பளபளக்கும் லமினேட் பலகை ஈரக்காலுக்கு வழுக்கும், மங்கலான, சற்றுச் சொரசொரப்பான மேற்பரப்பைக் கேளுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, விடியற்காலையில் டைல்ஸில் கால் வைத்தால் குளிர்கிறது என்றால் மரத்தளம் நல்ல மாற்று, ஏனென்றால் மரம் காலின் சூட்டை டைல்ஸைப் போல வேகமாக இழுக்காது. இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. கோடை மத்தியானத்தில் நிலத்தில் ஒரு பாயைப் போட்டுச் சாய்கிற சுகம் சீமெந்திலும் டைல்ஸிலும்தான் கிடைக்கும். ஏசி இல்லாத வீட்டில் ஓர் அறையின் நிலத்தையாவது குளிர்ச்சியாக விட்டு வையுங்கள்.

அறையோடு குளியலறை சேர்ந்திருந்தால், ஈரக்காலோடு வந்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். கைகால் கழுவிவிட்டோ தொழுகைக்கு வுழூச் செய்துவிட்டோ வருகிறவர்கள் நாளுக்குப் பல தடவை அந்த இரண்டடியில் கால் வைப்பார்கள். அந்தத் துண்டு மட்டும் டைல்ஸாக இருக்கட்டும்.

மரத்தளம் என்ற பெயரில் விற்பவை

கடையில் "மரம் போல" இருக்கும் எல்லாம் மரமல்ல. மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலாவது அசல் பலகை. தேக்கு, முதிரை, பாலை, மகோகனி இவையெல்லாம் நிலத்துக்கு ஆகும். தேக்கும் முதிரையும் கறையானுக்கும் ஓரளவு எதிர்த்து நிற்கும், ஆனால் மரத்தின் நடுப்பகுதியான வைரம் மட்டுமே அப்படி. வெளிர்நிற வெள்ளைப் பகுதியைத் தேக்கென்றாலும் கறையான் தின்னும். பலகையின் ஓரத்தில் வெள்ளை இருந்தால் கழித்துவிடச் சொல்லுங்கள். பதிவு உள்ள மரக்காலையில் வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், மரம் ஏற்றிவர அனுமதிப் பத்திரம் தேவைப்படும். வளவில் நிற்கும் பலாவை வெட்டிப் பலகை அரியலாம் என்று நினைத்தால் அதற்கும் அனுமதி எடுக்க வேண்டும், 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய வீட்டு மரம். வீடு உடைக்கும்போது கழற்றும் முதிரை, பாலை வளைகளும் நிலைகளும் பல வருடக் காற்றையும் மழையையும் கண்டு அடங்கியவை. அவற்றைப் பலகையாக அரிந்தால் புது மரத்தைவிடக் குறைவாகத்தான் ஆடும். ஆணியைத் தேடித்தேடிப் பிடுங்க வேண்டும், ஓடாவி கொஞ்சம் முணுமுணுப்பார். அந்தக் கூலியைச் சந்தோஷமாகக் கொடுங்கள்.

அசல் பலகையின் பெரிய லாபம், தேய்ந்தால் இழைத்து மறுபடி பொலிஷ் போடலாம். நன்றாகப் பொருத்தியது இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.

இரண்டாவது லமினேட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மரத்தின் படம், அதன்மேல் கண்ணாடி போன்ற காப்புப் படலம். விலை குறைவு, இரண்டு நாளில் பொருத்திவிடலாம், பார்க்க அழகு. பெட்டியில் ஏசி1 (AC1), ஏசி2, ஏசி3 என்று ஒரு குறி இருக்கும், தேய்மானத்தைத் தாங்கும் அளவு அது. படுக்கையறைக்கு ஏசி3 தாராளம். தடிப்பு 8 மில்லிமீற்றருக்குக் குறையாமல் எடுங்கள். பசையிலிருந்து வரும் போமல்டிஹைட் வாயுவுக்கு இ1 (E1) அல்லது இ0 (E0) என்று குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள், மூடிய அறையில் இரவு முழுவதும் மூச்சு விடுகிறோம். இதன் பலவீனம் தண்ணீர். பொருத்து வழியாக நீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரத்தூள் உப்பும், காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. இழைக்கவும் முடியாது. மேல்மாடியில் மழை அடிக்காத அறைக்கு லமினேட் சரி. கீழே, வாவிக்கரையில், நான் போடமாட்டேன்.

மூன்றாவது எஸ்பிசி. சுண்ணாம்புக்கல் தூளையும் பிவிசி பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்திய பலகை, மேலே மரத்தின் படம். இதில் மரம் இல்லை, தண்ணீர் இதை உப்பவைக்காது, கறையானுக்கும் இதில் தீனி இல்லை. 4 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். கீழ் அறைக்கு மரத்தின் தோற்றம் வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் இதுதான் நம் காலநிலைக்குப் பொருந்தும். மேற்குப் பக்கம் பெரிய யன்னல் உள்ள அறையில் பின்னேர வெயில் நேரே விழாமல் தடித்த திரை போடுங்கள், கடும் சூட்டில் பிளாஸ்டிக் விரியும். அடியில் அடைபட்ட ஈரம் எஸ்பிசியைக் கெடுக்காவிட்டாலும் நாற்றத்தைக் கொண்டுவரும், ஆகவே பொலித்தீன் சோதனையை இதற்கும் செய்யுங்கள்.

கார்பட்தான் வேண்டும் என்றால்

கடைக்குப் போய்க் கார்பட் என்று கேட்டால் சிலர் பிவிசி றோலையும் எடுத்துக் காட்டுவார்கள். நூலில் நெய்ததா, பிளாஸ்டிக் விரிப்பா என்று முதலில் தெளிவாகச் சொல்லுங்கள்.

பள்ளிவாசலில் எவ்வளவு அழகாகக் கார்பட் விரித்திருக்கிறார்கள், வீட்டில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அது உயர்ந்த கூரையும் பல யன்னல்களும் உள்ள பெரிய மண்டபம், யாரும் அங்கே உண்பதில்லை, படுத்துறங்கும் மெத்தையும் அலுமாரியும் இல்லை, சுத்தம் செய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், கட்டிலுக்கு அடியில் கை எட்டாத இடத்தில், அந்தப் பராமரிப்பு நடக்காது.

மணலையும் நினைத்துப் பாருங்கள். கரையோர ஊர்களில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாலும் காலோடு மணல் வரும். மணற்பருக்கை கார்பட்டின் அடிக்கு இறங்கி, மிதிக்க மிதிக்க நூலின் அடியை அரத்தைப் போல அறுக்கும். தும்புத்தடியால் கூட்டினால் மேல்தூசுதான் போகும். வலுவான தூசு உறிஞ்சி வாங்கி வாரத்துக்கு இரண்டு தடவையாவது இழுக்க முடியாத வீட்டில் கார்பட் நீடிக்காது.

ஆகவே கார்பட் ஆசையை விரிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் கால் வைக்கும் இடத்தில், ஒருவர் தனியாகவோ இருவர் சேர்ந்தோ தூக்கி மொட்டைமாடியில் வெயிலுக்குப் போடக்கூடிய அளவில், நாலுக்கு ஆறடி போதும். பொலிபுரொப்பிலீன் நூலில் நெய்தது தண்ணீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும், நம் ஊருக்கு அதுதான் நல்லது. கம்பளி மெத்தென்று இருக்கும், ஆனால் தொட்டால் தெரியாமலே நிறைய ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அடிப்பக்கம் சணலாக இருந்தால் ஈரத்தில் உக்கும். அடியில் ஸ்பொஞ்ச் ஒட்டியிருந்தால் சில வருடத்தில் பொடிந்து நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். நூல் குட்டையாக, நெருக்கமாக இருக்கட்டும்.

அதைவிட நல்லதும் நம்மிடமே இருக்கிறது. பன்பாய் குளிர்ச்சியானது, இலேசானது, உதறினால் மணல் போய்விடும். மருதமுனைக் கைத்தறியில் தடித்த துணி ஒன்றை எடுத்து இரண்டாக மடித்துத் தைத்தால் கழுவக்கூடிய கால்விரிப்பாகிவிடும். பழையது என்று இவற்றை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். இந்தக் காற்றுக்கும் இந்த மணலுக்கும் ஏற்றபடி நம் ஆட்கள் பழகி வைத்த பொருட்கள் அவை.

கணக்குப் போடும்போது

சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. வெட்டுக்கழிவுக்கு 10 வீதம் கூட்டினால் 132. அடிவிரிப்பு, சுவரோரச் சட்டம், வாசலில் வைக்கும் மூட்டுப்பட்டை, கதவின் அடியை அரியும் கூலி, நிலம் மட்டமில்லை என்றால் சமப்படுத்தும் செலவு எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். கார்பட்டுக்குத் தூசு உறிஞ்சியின் விலையும் சேரும். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி அலுமாரிக்கு மேல் வையுங்கள், இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கடையில் கிடைக்காது.

பொருத்தும் நாள்

மேசனோ ஓடாவியோ தொடங்குவதற்கு முன் நீங்களே நின்று பார்க்க வேண்டியவை இவை.

பலகை முதலில் அறைக்குப் பழக வேண்டும். லமினேட், எஸ்பிசி பெட்டிகளை அந்த அறையிலேயே படுக்கவைத்து 48 மணித்தியாலம் விடுங்கள். அசல் பலகையைச் சலாகை இடைவைத்து அடுக்கி இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். அடைமழையில் பலகை வேலையைத் தொடங்காதீர்கள். பங்குனி, சித்திரை போல மழையும் கச்சானும் உச்சத்தில் இல்லாத மாதம் நல்லது.

இரண்டு மீற்றர் நீளமான நேர் அலுமினியச் சட்டத்தை நிலத்தில் பல திசையில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பிய பிறகுதான் பலகை. "பரவாயில்லை, பலகை அமர்ந்துவிடும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கொளுவி பூட்டும் பலகையின் நாக்கு முறிவது அந்தப் பள்ளத்தில்தான்.

அசல் பலகை போடுகிற கீழ் அறைக்குக் கறையான் மருந்தை முதலில் அடித்துவிடுங்கள். வீடு கட்டும்போதே அத்திவாரக் குழியிலும் நிலத்து மண்ணிலும் அடித்திருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் சுவரோரமாகத் துளையிட்டு மருந்து இறக்குகிறவர்களை அழைக்க வேண்டும். பலகையின் அடிப்பக்கத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவதைப் படுக்கையறையில் செய்யவிடாதீர்கள். அந்த மணம் போக மாதக்கணக்காகும்.

சீமெந்து நிலத்தின்மேல் தடித்த பொலித்தீன், விளிம்புகள் 20 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டேப் ஒட்டி. அதன்மேல் அடிவிரிப்பு, அதன்மேல் பலகை. சில எஸ்பிசி பலகைகளில் அடிவிரிப்பு ஒட்டியே வரும், அதற்கு மறுபடி விரிக்கத் தேவையில்லை. பலகையின் நீளம் யன்னல் வெளிச்சம் வரும் திசையோடு ஓடட்டும். ஒரு வரியின் மூட்டும் அடுத்த வரியின் மூட்டும் ஓரடியாவது விலகி இருக்கட்டும்.

சுவரோரம் நாலா பக்கமும் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும், அசல் பலகைக்கு அதைவிடக் கூடுதலாக. இதைத்தான் வேலையாட்கள் பெரும்பாலும் குறைத்துவிடுகிறார்கள், அல்லது அழகுக்காகச் சீமெந்தால் அடைத்துவிடுகிறார்கள். அடைக்கக் கூடாது. சுவரோரச் சட்டம் அதை மறைத்துவிடும், சட்டத்தைச் சுவரில் அறைய வேண்டும், பலகையில் அறையக் கூடாது. சுவரோடு கட்டும் பெரிய அலுமாரியை முதலில் பொருத்திவிட்டு அதைச் சுற்றிப் பலகை போடுங்கள். பலகையின்மேல் அலுமாரியை ஏற்றி ஆணியடித்தால் அந்தப் பக்கம் அசையமுடியாமல் மறுபக்கம் எழும்பும்.

கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். 8 மில்லிமீற்றர் பலகையும் அடிவிரிப்பும் சேர்ந்தால் நிலம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரும்.

போட்ட பிறகு

கட்டில், அலுமாரிக் கால்களுக்கு அடியில் தடித்த துணிப்பட்டை ஒட்டுங்கள். மணலை மெல்லிய தும்பு விளக்குமாறால் முதலில் கூட்டிவிட்டு, இறுக்கிப் பிழிந்த துணியால் துடையுங்கள். லமினேட்டில் வாளித் தண்ணீர் ஊற்றுவது, நீராவி மொப் போடுவது இரண்டும் கூடாது. வாடைக்காற்றோடு சரிந்து மழை அடிக்கும் பக்கத்து யன்னலுக்கு வெளியே ஒரு சிறு தாழ்வாரம் போட்டால் பாதிக் கவலை தீரும்.

விரிப்பை வெயிலுள்ள காலத்தில் வாரம் ஒரு முறை வெளியே போட்டுத் தட்டுங்கள். மாரி தொடங்குவதற்கு முன், ஐப்பசி முதல் வாரத்தில், நன்றாகக் காயவைத்துச் சுருட்டி, பழைய சேலையில் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள். பொலித்தீனில் சுற்றினால் உள்ளிருக்கும் கொஞ்ச ஈரமே போதும், பூஞ்சணம் பிடித்துவிடும். தை பிறந்து வெயில் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மாரியில் மாதம் ஒரு தடவை அறையின் நான்கு மூலையிலும் குந்தியிருந்து சுவரோரச் சட்டத்தை மணந்து பாருங்கள், கையால் தட்டிப் பாருங்கள். புழுங்கல் மணமோ, பலகை ஓரம் உயர்ந்திருப்பதோ, சட்டத்தில் கறையான் மண்கோடு ஏறியிருப்பதோ தெரிந்தால் அன்றைக்கே சட்டத்தைக் கழற்றி உள்ளே பாருங்கள். அந்தக் கட்டத்தில் பிடித்தால் ஒரு வரிப் பலகையை மாற்றி, ஈரம் வரும் இடத்தை அடைத்து முடித்துவிடலாம். அடுத்த வருடத்துக்கு விட்டால் முழு அறையையும் கிளப்ப வேண்டி வரும்.